வலம்புரி: ஒரு காட்டுப் புதரின் பருவங்கள்

நாட்டு மருந்துக்கடையில் முறுக்கிய காயாக மட்டுமே பலரும் கண்டிருக்கும் வலம்புரி, பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. தமிழகத்தின் மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் இலையுதிர் காடுகளிலும், இலங்கையிலும், கிழக்கே வட ஆஸ்திரேலியா வரையிலும் இது இயல்பாக வளர்கிறது. இதன் ஆண்டைக் குளிர்காலம், கோடைகாலம் என்று வெப்பத்தை வைத்துப் பிரித்தால் கணக்கு உதைக்கும்; வேருக்கு எட்டும் மண்ணின் ஈரமே இதன் நாட்காட்டி. மழை ஓய்ந்து மண் காயக் காயச் சொரசொரப்பான இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் வெற்றுக் குச்சிகளாக நிற்கும் செடி, கோடை மழை விழுந்ததும் துளிர்க்கிறது. பூப்பு பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியது. செங்கல் சிவப்பில் விரியும் பூவில் மகரந்தமும் சூலகமும் நீண்டு வளைந்த காம்பின் நுனியில் இருப்பதால், தேன் குடிக்க வரும் பறவையின் தலையில் அவை உரசும். பிறகு அதே பூ ஈய நீலமாக மங்குகிறது. ஒரே கொத்தில் இரு நிறமும் தெரிவது பூக்களின் வயது வேறுபாடுதான், பருவத்துக்கு அதில் பங்கில்லை. காய் மட்டும் வறட்சிக்குக் காத்திருக்கிறது: ஐந்து சூலறைகள் ஒன்றையொன்று பின்னிய அது, நன்றாகக் காய்ந்தால்தான் பிரிந்து விதையை விடும்.

பகல் நீளமே இந்த மாற்றங்களை முடுக்குகிறது என்று வாதிடலாம். ஆனால் ஓடைக்கரைச் செடி பசுமையாக இருக்கையில் மேட்டுச் செடி மொட்டையாகிவிடுகிறது. இரண்டுக்கும் பகல் ஒன்றே. ஈரக் கணக்குக்கு இதைவிட வலுவான மறுப்பு முதுமலைக் காட்டிலிருந்து வருகிறது. அங்கே பல மரங்கள் மழைக்கு முன்பே, வறட்சியின் நடுவில் துளிர்க்கின்றன. இலைதின்னும் பூச்சிகள் பெருகுமுன் இலை முற்றிவிடுவது அதனால் கிடைக்கும் ஆதாயம் என்று 1993இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. ஈரம்தான் எல்லாம் என்ற விதி காடு முழுமைக்கும் பொருந்தாது என்பதை இது உறுதியாகக் காட்டுகிறது. ஆயினும் ஆழ வேரும் பருத்த தண்டும் உள்ள மரத்துக்குச் சேமிப்பு நீர் உண்டு. மெல்லிய தண்டுள்ள புதருக்கு அந்த வசதி குறைவு; எனவே வலம்புரிக்கு ஈரக் கணக்கே பொருந்துகிறது. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோடைத் தீ தண்டைக் கருக்கினாலும் வலம்புரி அடிக்கட்டையிலிருந்து மீண்டும் கிளைக்கும். அப்படி எழும் குருத்துகளுக்கு முதிர்ந்த செடியின் வேர் முழுதும் துணையிருப்பதால், அவற்றின் பருவத்தை அக்கம்பக்கத்து இளஞ்செடிகளோடு ஒப்பிடும்போது கவனம் தேவை.