அமுதசுரபியை யாரும் திருடவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். இதில் நான் ஒரு தவறைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், வெள்ளைக்காரன் மாயக்கதை எல்லாம் நம்ம மணிமேகலையில இருந்து எடுத்ததுதான்னு நீங்க ஒன்பதாம் வகுப்புல சொன்னீங்க. என் மக ஹாரி பாட்டர் படிக்கிறா. அவகிட்ட அதையே சொன்னேன். 'யாருப்பா எடுத்தா, எப்படி எடுத்தாங்க'ன்னு கேக்குறா. என்ன சார் சொல்ல?" என்றார்.

சொன்னது நான்தான். அன்றைக்கு வகுப்பே கைதட்டியது. ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு சிறுமி கேட்டுவிட்டாள். வரலாற்று ஆசிரியன் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

முதலில் நம் கதை. மணிமேகலா தெய்வம் மணிமேகலையை மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் சென்று மூன்று மந்திரங்கள் கொடுக்கிறது. வேற்று உருவம் எடுக்க ஒன்று, வானில் போக ஒன்று, பசியைப் போக்க ஒன்று. பிறகு கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. இன்றைய எந்த மாயக்கதைக்கும் இது குறைந்ததில்லை.

இப்போது அந்தப் பக்கம். அயர்லாந்துப் பழங்கதைகளில் தக்தா என்ற தெய்வத்திடம் ஒரு கொப்பரை உண்டு. அதனிடம் வந்தவர் எவரும் பசியோடு திரும்பியதில்லை. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரெத்தியான் தெ துருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் 'கிரால்' என்ற அதிசயத் தட்டைப் பற்றி எழுதினார். அதுதான் பின்னாளில் ஏசுநாதரின் புனிதக் கிண்ணமாக ஆனது. அது வேண்டிய உணவைத் தரும் என்று அடுத்த நூற்றாண்டுக் கதைகள் சொல்கின்றன. வேல்ஸ் நாட்டுப் பழங்கதையின் மாயக் கொப்பரையை வைத்துத்தான் லாயிட் அலெக்சாண்டர் 1965-இல் ஒரு சிறுவர் நாவலே எழுதினார்.

இரண்டு பக்கமும் பாத்திரம் இருக்கிறது. மணிமேகலை அந்தப் பிரெஞ்சுக் கவிஞரைவிடப் பல நூறு ஆண்டு மூத்தது. "முந்தியது நம்முடையது, ஆகவே எடுத்தது அவர்கள்." இதுதான் அன்று நான் சொன்ன கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. ஒரு கதை ஊர்விட்டு ஊர் போனால் வழியில் கால்தடம் இருக்க வேண்டும்.

அப்படித் தடம் விட்டுப் போன கதையும் உண்டு. புத்தரின் வாழ்க்கைக் கதை அரபு, ஜார்ஜிய, கிரேக்க மொழிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே புத்தர் 'ஜோசபாத்' என்ற கிறிஸ்தவப் புனிதராகவே ஆகிவிட்டார். போதிசத்துவர் என்ற சொல் ஒவ்வொரு மொழியிலும் எப்படித் திரிந்து அந்தப் பெயர் ஆனது என்று அறிஞர்கள் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். அமுதசுரபிக்கு அப்படி ஒரு தடமும் ஐரோப்பா வரை இல்லை. உ.வே.சா. மணிமேகலையை அச்சில் கொண்டுவந்ததே 1898-இல்தான்.

சரி, அமுதசுரபிக்கு உண்மையான உறவு யார்? மணிமேகலை பௌத்தக் காப்பியம். புத்தரின் பிச்சைப் பாத்திரம் பற்றிய கதைகள் பௌத்த உலகமெங்கும் இருந்தன. 5-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் பாகியான், இன்றைய பெஷாவரில் அந்தப் பாத்திரத்தை வைத்து வழிபட்டதை எழுதியிருக்கிறார். ஏழை நாலு பூப் போட்டால் அது நிறைந்துவிடுமாம். பணக்காரர் ஆயிரக்கணக்கில் போட்டாலும் நிறையாதாம். இந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் அமுதசுரபியை வைக்க வேண்டும். பாரதத்தில் சூரியன் தருமருக்குக் கொடுத்த அட்சய பாத்திரமும் கூடவே இருக்கிறது.

அப்படியென்றால் அயர்லாந்தில் ஏன் அதே கனவு? பசிக்கு எந்த ஊரும் விலக்கில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில்.

அந்தப் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்வேன். ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகத்தில் ஒரு விதி வருகிறது. மந்திரத்தால்கூட ஒன்றுமில்லாததிலிருந்து உணவை உண்டாக்க முடியாது. கொஞ்சம் இருந்தால் அதைப் பெருக்கலாம், அவ்வளவுதான். அமுதசுரபியும் சும்மா சுரக்கவில்லை. ஆதிரை என்ற பெண் முதல் பிச்சை இட்ட பிறகுதான் சுரந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. ஆனாலும் முதல் கைப்பிடி ஒரு மனிதர் போட வேண்டும் என்பது இரண்டு இடத்திலும் தெரிந்திருக்கிறது.

இதை வைகை அணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அமுதசுரபி முதலில் கிடைத்தது வைகைக் கரையில்தான். மதுரையில் இரவில் வந்து "பசிக்கிறது" என்று நின்றவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்த ஆபுத்திரனுக்கு, சிந்தாதேவி அதைக் கொடுத்தாள். பிறகு இந்திரன் கோபித்துக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டு காய்ந்து கிடந்த பாண்டி நாட்டில் மழையைக் கொட்டினான். ஊர் செழித்தது. சாப்பிட ஆளில்லாமல் பாத்திரம் சும்மா கிடந்தது.

நம் பக்கத்தில் தாது வருடப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. அதன் பிறகுதான் பெரியாறு அணை வேலை சூடுபிடித்து, 1895-இல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது. 1959-இல் இந்த வைகை அணை. பென்னிகுக் படத்தை நம்மவர்கள் வீட்டில் மாட்டியிருப்பது ஏன் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். ஆபுத்திரன் கதை தெரிந்தவர் கேட்க மாட்டார்.

தம்பி, உன் மகளிடம் சொல்: "தாத்தா சார் தப்பாகச் சொல்லிவிட்டார். யாரும் யாரிடமும் திருடவில்லை." அன்று வகுப்பில் இருந்த மற்றவர்களும் இதைத் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை அடுத்து என்ன கேட்கிறாள் என்று எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்