கல் பெயர்ந்த இடம்

இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரப் பேராலயத்தைக் காணச் செல்வோர், அதன் வடபுறப் புல்வெளியில் செங்கல் பதித்துக் காட்டப்பட்டுள்ள ஒரு கட்டட அமைப்பையும் காண்பர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்று, பின் மண்ணோடு மறைந்த பழைய ஆலயத்தின் வடிவம் அது.

648-ஆம் ஆண்டளவில் வெசெக்ஸ் மன்னன் கென்வால் எழுப்பிய ஆலயம் அது. நார்மானியர் ஆட்சியில், 1079-இல் ஆயர் வாக்கெலின் இன்றைய பேராலயத்தைத் தொடங்கினார். 1093-இல் துறவியர் அதிற் குடிபுகுந்ததும் பழையது இடிக்கப்பட்டது. அஸ்திவாரக் கற்களும் எஞ்சவில்லை. மீண்டும் பயன்படுமென்று அவற்றையும் பெயர்த்துச் சென்றனர். பின்னர் அவ்விடம் இடுகாடாயிற்று. காலப்போக்கில், ஆலயம் நின்ற இடம் எதுவென்பதே அறிஞரிடையே விவாதப் பொருளாயிற்று.

1962 முதல் 1969 வரை கோடைதோறும் மார்ட்டின் பிடில் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. மண்வெட்டியும் கொத்துக்கரண்டியும் ஏந்தியவர்களிற் பெரும்பாலோர் பல நாடுகளிலிருந்து வந்த மாணவரும் தன்னார்வலருமே. அவ்வகையில் அது ஓர் அகழாய்வு மட்டுமன்று, ஒரு பள்ளிக்கூடமுமாகும்.

அப்பள்ளியில் மாணவர் கற்ற பாடம் யாது? சுவரைத் தேடுவதன்று; சுவர் இருந்து மறைந்த இடத்தைத் தேடுவது. கல் பெயர்த்த பள்ளங்களில் உடைந்த சுண்ணச்சாந்தும் கல்துண்டுகளும் நிரம்பிக் கிடந்தன. சுற்றியிருந்த மண்ணின் நிறம் வேறு, இறுக்கம் வேறு. அந்த வேறுபாட்டைக் கண்ணும் கையும் உணர்ந்தால் ஆலயம் கிடைக்கும். உணராது வெட்டினால், கல்லிழந்த சுவர் தன் தடத்தையும் இழக்கும். மேலிருந்து வெட்டப்பட்ட புதைகுழிகள் இத்தடங்களை ஊடறுத்துச் சென்றமையால், எது முந்தியது, எது பிந்தியது என அடுக்கடுக்காகப் பிரித்தறியவும் வேண்டியிருந்தது.

1944-இல் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தி, 1945-இல் நம் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், நிலத்தைச் சதுரக் குழிகளாகப் பிரித்து, இடையே மண்வரப்புகளை விட்டுத் தோண்டும் முறையைப் பரப்பியவர். வின்செஸ்டரிலும் தொடக்கத்தில் அம்முறையே கையாளப்பட்டது. ஆயினும் வரப்புகள் கட்டடத்தின் முழு உருவை மறைத்தமையால், பரந்த வெளியை ஒருசேரத் திறந்து அகழும் முறைக்குப் பிடில் மாறினார். ஆசானின் வழியையும் நிலத்தின் தேவை கண்டு திருத்திக்கொள்வதே கல்வி.

கட்டியவர் போயினர், இடித்தவரும் போயினர். அகழ்பவன் கைபட்ட மண்ணும் மீண்டும் பழைய நிலைக்கு வாராது. எழுதியும் வரைந்தும் வைத்தது மட்டுமே மிஞ்சும். எனவே, பயிலவரும் இளைஞனுக்கு முதலில் தரவேண்டியது மண்வெட்டியன்று, குறிப்பேடு.