மேயர் யாருக்கு? துணை மேயர் யாருக்கு? மாநகராட்சிகளில் கூட்டணி நாற்காலி பிரித்த கதை

சட்டசபைக்கு முதல்-அமைச்சர், மந்திரிசபை இருக்கிற மாதிரி மாநகராட்சிக்கும் மேயர், துணை மேயர், மண்டலத் தலைவர், நிலைக்குழுத் தலைவர் என்று ஒரு 'குட்டி மந்திரிசபை' உண்டு. கூட்டணி ஜெயித்தால் அந்த நாற்காலிகளை யார் யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் தள்ளுமுள்ளே ஆரம்பிக்கும். 2022-ல் தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகளிலும் ஒரே நாளில் இந்தப் பங்கீடு நடந்தது. ஒரு ஆட்டோ டிரைவர் மேயர் ஆனதும் அன்றைக்குத்தான்.

பிப்ரவரி 19-ந்தேதி ஓட்டுப்பதிவு. 22-ந்தேதி ஓட்டு எண்ணிக்கை. மார்ச் 2-ந்தேதி கவுன்சிலர்கள் பதவி ஏற்றார்கள். மார்ச் 4-ந்தேதி மேயர், துணை மேயர் தேர்தல். அதற்கு முன்பு 2016 அக்டோபரில் இருந்து ஐந்து வருஷத்துக்கும் மேலாக கவுன்சிலரே கிடையாது. தனி அதிகாரிகள் ராஜ்ஜியம்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கூட யாரிடம் போய்ச் சொல்வது என்று ஜனங்கள் திண்டாடிப் போனார்கள்.

2011-ல் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். சென்னையில் சைதை துரைசாமி அப்படித்தான் ஜெயித்தார். 2022-ல் அது மாறிவிட்டது. மக்கள் கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டுப் போட, கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்து எடுத்தார்கள். மேயர் யார் என்பதை கட்சித் தலைமை அறிவிக்கிற பெயர்தான் தீர்மானிக்கும் என்ற நிலைமை வந்தது இதனால்தான். கூட்டணி பேரம் சூடு பிடித்ததும் இதனால்தான்.

42-ல் ஏழு

21 மாநகராட்சியிலும் தி.மு.க. கூட்டணிக்கே வெற்றி. மேயர் 21, துணை மேயர் 21, ஆக மொத்தம் 42 நாற்காலி. அதில் கூட்டணிக் கட்சிகளுக்குக் கிடைத்தது வெறும் ஏழு. மீதி 35-ம் தி.மு.க.வுக்கு.

அந்த ஏழு விவரம் வருமாறு:- காங்கிரசுக்கு கும்பகோணம் மேயர், சேலம், காஞ்சீபுரம் துணை மேயர். மார்க்சிஸ்ட்டுக்கு மதுரை துணை மேயர். இந்திய கம்யூனிஸ்டுக்கு திருப்பூர் துணை மேயர். விடுதலை சிறுத்தைகளுக்கு கடலூர் துணை மேயர். ம.தி.மு.க.வுக்கு ஆவடி துணை மேயர்.

இதில் கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சென்னையில் மொத்தம் 200 வார்டு. தி.மு.க. 153, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் 4, விடுதலை சிறுத்தைகள் 4, ம.தி.மு.க. 2, இந்திய கம்யூனிஸ்டு 1, முஸ்லிம் லீக் 1. கூட்டணிக்கு மட்டும் 178. இங்கே 13 பேர் வைத்திருந்தும் காங்கிரசுக்கு துணை மேயர் கிடைக்கவில்லை. மேயர் பிரியா, துணை மேயர் மகேஷ்குமார் ரெண்டு பேருமே தி.மு.க.தான். மதுரையிலோ 100 வார்டில் மார்க்சிஸ்டுக்கு நாலே பேர். அங்கே அந்தக் கட்சியின் நாகராஜன் துணை மேயர் ஆகிவிட்டார். அதே மதுரையில் காங்கிரசுக்கு ஐந்து பேர் இருந்தும் ஒன்றும் இல்லை. எத்தனை கவுன்சிலர் இருக்கிறார்கள் என்று பார்த்து நாற்காலி தரவில்லை. மாநிலம் முழுக்க எந்தக் கட்சியை எப்படி சமாதானப்படுத்துவது என்று பார்த்துத்தான் பிரித்திருக்கிறார்கள்.

திருப்பூர் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. 60 வார்டில் தி.மு.க. தனியாக பாதியைத் தொடவில்லை. தோழர்கள் கை கொடுத்தால்தான் மேயர் தினேஷ்குமாருக்கு நாற்காலி. இந்திய கம்யூனிஸ்டு பாலசுப்பிரமணியம் துணை மேயர் ஆனது சும்மா கிடைத்த பரிசு இல்லை.

ஆட்டோவில் வந்த மேயர்

கும்பகோணம் 2021-ல்தான் நகராட்சியில் இருந்து மாநகராட்சி ஆனது. 48 வார்டு. அங்கே தி.மு.க. கவுன்சிலர்கள்தான் மெஜாரிட்டி. காங்கிரஸ் கவுன்சிலர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் கூட்டணிக்கு ஒதுக்கிய ஒரே மேயர் பதவி அந்த ஊருக்கு வந்தது. 17-வது வார்டில் ஜெயித்த சரவணன் மேயர் ஆனார். பல வருஷமாக ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். பதவி ஏற்கவும் ஆட்டோவிலேயே வந்து இறங்கினார். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது.

துணை மேயர் பதவி தி.மு.க.வின் தமிழழகனுக்கு. மேயர் ஒரு கட்சி, சபையில் மெஜாரிட்டி இன்னொரு கட்சி. எந்தத் தீர்மானம் என்றாலும் தி.மு.க. கவுன்சிலர்கள் கை தூக்கினால்தான் நிறைவேறும். ஆட்டோவில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாலும் சாவி பின் சீட்டில் இருக்கிற மாதிரி.

தலைமை சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று

மார்ச் 4-ந்தேதி எல்லாம் சுமுகமாக முடியவில்லை. கடலூரில் தி.மு.க. அறிவித்த மேயர் வேட்பாளர் சுந்தரியை எதிர்த்து தி.மு.க. கவுன்சிலர் ஒருவரே போட்டியிட்டார். ஓட்டுப்பதிவு நடந்து சுந்தரி ஜெயித்தார். நகராட்சி, பேரூராட்சிகளில் இன்னும் மோசம். கூட்டணிக்கு என்று ஒதுக்கிய தலைவர் பதவிகளில் பல இடங்களில் தி.மு.க.காரர்களே நின்று ஜெயித்துவிட்டார்கள். நெல்லிக்குப்பம் நகராட்சி விடுதலை சிறுத்தைகளுக்கு ஒதுக்கியது. அங்கேயும் இதே கதைதான். திருமாவளவன் பகிரங்கமாக முறையிட்டார். அன்றைக்கே முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிக்கை விட்டார். தலைகுனிவாக இருக்கிறது என்று வருத்தப்பட்டு, ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்துவிட்டு வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார். சிலர் விலகினார்கள். சிலர் அசையவே இல்லை!

துணை மேயருக்கு என்ன அதிகாரம்?

நேரடியாகச் சொன்னால் ரொம்பக் குறைவு. மந்திரிசபையில் ஆளுக்கு ஒரு இலாகா இருக்கும். கொல்கத்தா மாநகராட்சியில் கூட 'மேயர்-இன்-கவுன்சில்' என்று ஒரு குழு உண்டு. அதில் உள்ளவர்களுக்கு ரோடு, குடிநீர், குப்பை என்று துறை பிரித்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் அந்த முறை கிடையாது. நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். கூட்டத்தைக் கூட்டி தலைமை தாங்குவது மேயர். கணக்கு, கல்வி, பணிகள், பொது சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு-நிதி என்று நிலைக்குழுக்கள் கோப்புகளைப் பார்த்து சபைக்கு அனுப்பும். மேயர் இல்லாத சமயத்தில்தான் துணை மேயருக்கு வேலை.

கூட்டணிக் கட்சிகளின் பலம் எவ்வளவு என்று சொத்து வரியில் தெரிந்துவிட்டது. பதவி ஏற்று ஒரு மாசம் கூட முழுசாக ஆகவில்லை. 2022 ஏப்ரலில் அரசு வரியை ஏற்றியது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட சின்ன வீட்டுக்கே 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். வீட்டுக்காரர் தலையில் விழுந்தது வாடகைக்காரர் தலையில் இறங்கியது. மார்க்சிஸ்ட் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளே மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். வரி உயர்வு நிற்கவில்லை.

ஆனால் துணை மேயர் நாற்காலி சும்மா கிடக்கிற நாற்காலி என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் கோவை மேயர் கல்பனா, நெல்லை மேயர் சரவணன் (கும்பகோணம் மேயர் இல்லை, பெயர்தான் ஒன்று) இருவரும் ராஜினாமா செய்தார்கள். அந்த ராஜினாமாவை ஏற்ற கூட்டங்களை நடத்தியது துணை மேயர்கள்தான். 2025 அக்டோபரில் சொத்து வரி முறைகேடு விவகாரம் வெடித்த நிலையில் மதுரை மேயர் இந்திராணி பதவி விலகினார். அந்தச் சிறப்புக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் நாலு கவுன்சிலர் கட்சியைச் சேர்ந்த அதே நாகராஜன்!

சம்பளம் விஷயத்தையும் பார்த்துவிடலாம். 2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியம் மேயருக்கு 30 ஆயிரம், துணை மேயருக்கு 15 ஆயிரம், மாநகராட்சி கவுன்சிலருக்கு 10 ஆயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. உங்க தெருவில் விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்றால் அந்த 10 ஆயிரம் ரூபாய் கவுன்சிலரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும். சென்னைக்காரர்கள் 1913-க்கு போன் போட்டும் புகாரைப் பதிவு செய்யலாம்.