அயோடினும் பீதிக் கோளாறும்

பீதிக் கோளாறு என்பது கடும் அச்சத் தாக்குதல்கள் எதிர்பாராத வகையில் மீண்டும் மீண்டும் ஏற்படும் ஓர் உளநோய் ஆகும். அயோடின், தைராய்டு சுரப்பி தன் இயக்குநீர்களை (ஹார்மோன்களை) உருவாக்கத் தேவையான தனிமம் ஆகும். இவ்விரண்டுக்கும் இடையே நேரடியான காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை. எனினும், உடலில் அயோடினின் அளவு மாறும்போது தைராய்டின் செயற்பாடு மாறக்கூடும். தைராய்டு மிகைச் சுரப்பின் அறிகுறிகள் பீதித் தாக்குதலை ஒத்திருப்பதால் இத்தொடர்பு ஆராயப்பட்டு வருகிறது.

உடலியங்கியல் பின்னணி

தைராக்சின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்களும், டிரை அயடோ தைரோனின் மூலக்கூறில் மூன்றும் உள்ளன. வயது வந்த ஒருவருக்கு நாள்தோறும் 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராம். இவ்வியக்குநீர்கள் மிகுந்தால் படபடப்பு, நடுக்கம், வியர்வை, அமைதியின்மை ஆகியன தோன்றுகின்றன.

வரலாறு

1811இல் பிரான்சைச் சேர்ந்த பெர்னார்ட் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டறிந்தார். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே கழுத்துக்கழலைக்கு அதனை மருந்தாக அளித்தார். நோயாளிகள் சிலருக்குப் படபடப்பும் உடல் மெலிவும் உண்டாயின. அயோடினால் தூண்டப்படும் இம்மிகைச் சுரப்பு பின்னர் யோட்-பாசெடோ விளைவு எனப்பட்டது. 1966இல் ஆஸ்திரேலியாவின் தாசுமேனியாவில் ரொட்டியில் அயோடின் சேர்க்கப்பட்டபின், தைராய்டு மிகைச் சுரப்பு நோயாளிகளின் எண்ணிக்கை சில ஆண்டுகள் உயர்ந்திருந்தது. நெடுங்காலம் அயோடின் குறைபாடு நிலவும் இடங்களில், கழலைக் கணுக்கள் உள்ள முதியோருக்கு இவ்விடர் மிகுதி.

பீதிக் கோளாறு தனி நோயாக அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல்தான்.

ஆய்வுகள்

பீதிக் கோளாறு உடையோரில் பெரும்பாலோருக்குத் தைராய்டுச் சோதனை முடிவுகள் இயல்பாகவே உள்ளன. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தன்னெதிர்ப்புத் தைராய்டு அழற்சிக்கும் மனச்சோர்வு, பதற்றக் கோளாறுகள் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இது தைராய்டு நோய் பற்றிய முடிவே தவிர, உணவிலுள்ள அயோடினின் அளவு பற்றியதன்று.

வேறுபடுத்தி அறிதல்

பீதித் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பின் தணியும். தைராய்டு மிகைச் சுரப்பில் படபடப்பு நாள்முழுதும் நீடிக்கலாம். உறக்கத்திலும் நாடி விரைந்திருக்கும். நன்கு உண்டும் எடை குறைதல், வெப்பம் தாங்காமை ஆகியன கூடுதல் குறிகள். ஒருவருக்கே இரு நோய்களும் இருக்கலாம். ஆகவே பீதிக் கோளாறு என முடிவு செய்யுமுன் தைராய்டு தூண்டும் இயக்குநீரின் அளவை அறியும் இரத்தச் சோதனை பயனுள்ளது. இது தவறினால், குணப்படுத்தக்கூடிய தைராய்டு நோய் உளநோயாகக் கருதப்பட்டுக் காலம் வீணாகலாம்.

அயோடின் உட்கொள்ளல்

அயோடின் பீதிக் கோளாறுக்கு ஏற்கப்பட்ட மருத்துவம் அன்று. அறிதிறன் நடத்தைச் சிகிச்சையும் செரட்டோனின் மீளேற்பைத் தடுக்கும் மருந்துகளுமே முதன்மையானவை. கடற்பாசி மாத்திரைகளில் அயோடினின் அளவு பெரிதும் வேறுபடுவதால், அவற்றைத் தாமாக உட்கொள்வோருக்குச் சுரப்பு மிகவோ குறையவோ கூடும். இதய நோய் மருந்தான அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் உள்ளது. இது நாள் தேவையைப் போல் 500 மடங்கு. எனவே இம்மருந்தை உட்கொள்வோருக்குப் புதிதாகப் பதற்றம் தோன்றினால் தைராய்டைச் சோதிப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

- தைராய்டு சுரப்பி
- கழுத்துக்கழலை
- பதற்றக் கோளாறு