வெண்டைக்காயின் பெயரைச் சுமக்கும் பானை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் 'கம்போ'வைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "அது நம்ம குழம்புதானே?" ஓசை ஒத்துப்போகிறது, இரண்டையும் சோற்றோடுதான் சாப்பிடுகிறோம். ஆனால் உறவு கிடையாது. குழம்பு தமிழ் வினையிலிருந்து பிறந்தது. கம்போவின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அதன் முதற்பொருள் வெண்டைக்காய்.

அங்கோலாப் பகுதியின் பாண்டு மொழிகளில் வெண்டைக்குக் 'கிங்கோம்போ', 'ஓச்சிங்கோம்போ' என்று பெயர். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு சொல்லும் கடல் கடந்தது. கியூபாவில் 'கிம்பொம்போ' என்றால் இன்றும் வெண்டைதான். பிரெஞ்சில் முதலசை உதிர்ந்து 'கோம்போ' ஆயிற்று. 1824இல் வெளிவந்த மேரி ராண்டால்ஃபின் வர்ஜீனியா சமையல் நூலில்கூட இந்தப் பெயரில் இருப்பது பிஞ்சு வெண்டையை வேகவைத்து வெண்ணெய் ஊற்றும் எளிய பக்குவம்தான். லூசியானாவில்தான் காயின் பெயர் பானைக்கு ஏறியது.

ஏற்றிவிட்டது அதன் கொழகொழப்பு. நாம் வெண்டையைக் கழுவித் துடைத்து, ஈரம் போனபின் நறுக்கி, வதக்கும்போது கொஞ்சம் புளித்தண்ணீரோ தயிரோ விட்டு அந்தக் கொழகொழப்பைப் போக்கப் பாடுபடுகிறோம். அங்கே அதற்காகவேதான் வெண்டையைப் போடுகிறார்கள். இறாலும் நண்டும் கொதிக்கும் சாறு கெட்டிப்படுவது அதனால்தான்.

வெண்டை கிடைக்காத குளிர்காலத்தில் அந்த வேலையை 'ஃபிலே' பார்த்தது. சசாஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி அது. சாக்டா பூர்வகுடிகள் கற்றுக்கொடுத்தது. இழை இழையாக நூற்கப்பட்டது என்பது பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொருள். கொதிக்கும்போது போட்டால் சாறு நூல் விடும். அதனால் பானையை இறக்கியபின்தான் தூவுவார்கள். சாக்டா மொழியில் இந்த இலைக்குக் 'கோம்போ' என்று பெயர், கம்போ அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சாக்டா மக்களே இல்லாத கரீபியன் தீவுகளிலும் வெண்டைக்கு இந்தப் பெயர் வழங்குகிறதே!

இன்றைய பெரும்பாலான வீடுகளில் கம்போ தொடங்குவது 'ரூ'வில். எண்ணெயும் மாவும் சம அளவு. அடி கனத்த சட்டி. முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும். வெளுப்பு பொன்னிறமாகி, செம்பு நிறமாகி, சாக்லேட் நிறம் வரும். ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் கருகிவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறகு வெங்காயம், செலரித் தண்டு, குடமிளகாய். இம்மூன்றையும் 'பரிசுத்த திரித்துவம்' என்றே அந்த ஊர்ச் சமையற்காரர்கள் அழைக்கிறார்கள்.

நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் 1941இல் சாண்ட்விச் கடையாகத் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகத்துக்கு மருமகளாக வந்தவர் லியா சேஸ். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உண்பதைச் சட்டம் தடுத்த காலத்தில், அங்கே மாடி அறையில் குடிமை உரிமைப் போராளிகள் கூடித் திட்டமிட்டார்கள். அவர்கள் முன்னால் அவருடைய கம்போ இருந்தது. 2005இல் கட்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கிய கடையை 2007இல், தம் எண்பதுகளில், மீண்டும் திறந்தார். 2019இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். இன்று அடுப்படி பேரப்பிள்ளைகளின் கையில்.

ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று அங்கே 'கம்போ ஸெர்ப்' உண்டு. பிரெஞ்சில் கீரைகளுக்கு 'லே ஸெர்ப்'. இரு சொற்களுக்கிடையே புணர்ச்சியில் தோன்றும் அந்த 'ஸ்' ஒலி, முன்சொல் போன பிறகும் லூசியானாவின் கிரியோல் மக்களின் வாயில் ஒட்டிக்கொண்டது. கடுகுக்கீரை, காலர்டு கீரை, டர்னிப் தழை, பீட்ரூட் தழை, முட்டைக்கோஸ், பசலை உள்ளிட்ட ஒன்பது வகை. எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை கீரையோ அந்த ஆண்டு அத்தனை புது நண்பர்கள் கிடைப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. மறுநாள் பெரிய வெள்ளி, புலால் விலக்கு என்பதால் அன்றைக்கே கோழி, மாட்டிறைச்சி, பன்றித் தொடை, காரமான சாசேஜ் எல்லாம் பானைக்குள் போய்விடும்.

அத்தனையும் உண்டு அந்தப் பானையில். வெண்டைக்காய் மட்டும் இல்லை.