சிகாகோ பாய்ஸ்

சிலி நாட்டில் அகஸ்தோ பினோசெட்டின் ராணுவ ஆட்சிக்குப் (1973–1990) பொருளாதாரப் பாதை வகுத்துக் கொடுத்த கல்வியாளர் குழு. 1950களின் நடுப்பகுதியில் சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் சிகாகோ பல்கலைக்கழகமும் அமெரிக்க அரசின் உதவியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி சிகாகோ சென்று படித்த மாணவர்களே இதன் முன்னோடிகள். அவர்களை அருகிருந்து வளர்த்தவர் பேராசிரியர் ஆர்னால்டு ஹார்பர்கர். புகழும் பழியும் என்னவோ சிகாகோவின் இன்னொரு பேராசிரியரான மில்டன் ஃபிரீட்மனுக்கே போய்ச் சேர்ந்தன.

பினோசெட்டுக்கு முந்தைய அதிபர் சால்வடோர் அயேந்தே ஆட்சியில் இருந்தபோதே இவர்கள் ரகசியமாக ஒரு திட்ட அறிக்கை தயாரித்தார்கள். பருமன் காரணமாக அதற்கு ‘செங்கல்’ என்று பெயர். 1973 செப்டம்பர் ஆட்சிக் கவிழ்ப்பை அடுத்து அது தளபதிகளின் மேசைக்கு வந்தது. பொருளாதாரம் அறியாத பினோசெட் முதலில் தயங்கினார். பணவீக்கம் அடங்கவில்லை. 1975 மார்ச்சில் சான்டியாகோ வந்த ஃபிரீட்மன் அவரை ஒருமுறை சந்தித்து, அரசுச் செலவை ஒரே மூச்சில் வெட்டும்படி சொன்னார். அடுத்த மாதமே அந்த ‘அதிர்ச்சி வைத்தியம்’ தொடங்கியது. குழுவின் முக்கியப் புள்ளியான செர்ஜியோ டி காஸ்ட்ரோ பொருளாதார அமைச்சரானார். பின்னர் நிதித்துறையும் அவரிடம் வந்தது. விலைக் கட்டுப்பாடு நீங்கியது, இறக்குமதி வரி சரிந்தது, அரசு நிறுவனங்கள் தனியாருக்குப் போயின.

1979இல் ஒரு டாலருக்கு 39 பெசோ என மதிப்பை நிலைநிறுத்தியது பெரும் பிசகு. 1982இல் அது உடைந்தது. மொத்த உற்பத்தி ஏறத்தாழ 14 சதவீதம் வீழ்ந்தது. மறு ஆண்டு, தனியார்மயம் பேசிய அதே அரசு முக்கிய வங்கிகளைத் தன் பொறுப்பில் எடுக்க நேர்ந்தது. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டிருந்ததால்தான் இந்த மாற்றங்களில் இவ்வளவு வேகம் சாத்தியமானது என்பதை மறைக்க முடியாது. ஓய்வூதியமும் 1981 முதல் தனியார் நிதியங்களுக்கு மாறியது. ராணுவத்தினருக்கு மட்டும் பழைய முறையே தொடர்ந்தது.