கொள்ளையர் தந்த சொல்



ஆங்கிலம் பயிலும் மாணவரைப் பெரிதும் அலைக்கழிப்பவை நீண்ட சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு வினைகளே. நீண்ட சொல்லுக்கு அகராதியில் ஒன்றிரண்டு பொருள் இருக்கும், நெட்டுருச் செய்துவிடலாம். ‘டேக்’ என்னும் வினையைத் தேடிச் சென்றவரோ பல பத்திகளைக் கடந்தும் கரை காணார். நூலைக் கையில் எடுப்பதும் டேக். மருந்து உண்பதும் டேக். இருக்கையில் அமர்வதும், தேர்வு எழுதுவதும், நிழற்படம் பிடிப்பதும் டேக். ‘ஆஃப்’ என்னும் துணைச்சொல் அதனோடு சேர்ந்தால் சட்டையைக் கழற்றுவதாகும், விமானம் மேலெழுவதாகும், ஒருவரைப்போல் நடித்துக் காட்டுவதும் ஆகும். ‘ஆஃப்டர்’ சேர்ந்தாலோ, பிள்ளை தாயை உரித்துவைத்தாற்போல் இருக்கிறது என்பது பொருள். இத்தனை சுமையையும் தாங்கும் இச்சொல் ஆங்கில மண்ணில் பிறந்ததன்று. அம்மண்ணைக் கொள்ளையிட வந்தவர்களோடு கப்பலேறி வந்தது.

கி.பி. 793-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையை அடுத்த லிண்டிஸ்ஃபார்ன் தீவில் இருந்த துறவியர் மடத்தை வடநாட்டுக் கடலோடிகள் சூறையாடினர். அடுத்த பல ஆண்டுகள் அவர்கள் வருவதும் வாரிச் செல்வதுமாக இருந்தனர். 865-இல் வந்தது அத்தகைய சிறு கூட்டமன்று, பெரும்படை. அது மறு ஆண்டே யார்க் நகரைக் கைப்பற்றியது. 878-இல் எடிங்டன் போரில் ஆல்ஃபிரட் மன்னர் டேனியத் தலைவன் குத்ரமை வென்றார். வென்றாரெனினும், அவர்களை நாட்டைவிட்டே துரத்த இயலவில்லை. பின்னர் எழுந்த உடன்படிக்கையின்படி எல்லை வகுக்கப்பட்டது; நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் டேனியர் சட்டமே செல்லலாயிற்று.

போர்க்கதையை இவ்வளவில் நிறுத்திக்கொள்வோம். நமக்கு வேண்டுவது அதற்குப் பின் நிகழ்ந்ததே. வாளேந்தி வந்தவன் ஏர் பிடித்தான். டெர்பி, விட்பி என்று ‘பி’ என முடியும் ஊர்ப்பெயர்கள் அவன் குடியேறிய இடங்களை இன்றும் காட்டுகின்றன. அவன் பேச்சும் ஆங்கிலேயன் பேச்சும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சொல்லின் ஈறுகள் வேறுபட்டாலும் வேர்கள் பெரிதும் ஒத்திருந்தன. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று மாட்டுக்கு விலை பேசினர். பெண் கொண்டனர், பெண் கொடுத்தனர். அவ்வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் நாவில் இரு மொழிகளும் கலந்தன. முட்டையைக் குறிக்கும் ‘எக்’, உடன்பிறந்தாளைக் குறிக்கும் ‘சிஸ்டர்’, ‘அவர்கள்’ என்னும் பொருளுடைய ‘தே’ ஆகியவை இவ்வழியே வந்தவை. ‘விண்டோ’ என்பதும் அவர்கள் சொல்லே. ‘காற்றின் கண்’ என்பது அதன் நேர்ப்பொருள். சாளரத்தைக் ‘காலதர்’, அஃதாவது காற்று வழி, என்று நம் முன்னோர் வழங்கியதை இங்கு நினைத்து மகிழலாம்.

எடுத்தலைக் குறிக்க ஆங்கிலேயரிடம் சொல் இல்லாமல் இல்லை. ‘நிமன்’ என்று ஒரு நல்ல சொல் இருந்தது. அதன் உறவாகிய ‘நேமன்’ ஜெர்மன் மொழியில் இன்றும் நலமாக வாழ்கிறது. டேனியர் சொல் ‘டாகா’. தொடக்கத்தில் அதற்குத் தொடுதல், கைவைத்தல் என்பதே பொருளாக இருந்திருக்க வேண்டும். பழைய காதிக் மொழியில் அதன் இனச்சொல்லுக்குத் ‘தொடு’ என்றே பொருள். ‘பிறர் பொருளில் கைவைத்தான்’ என்று நாம் சொல்வதை எண்ணுங்கள். தொடுதல் எவ்வாறு எடுத்தலாயிற்று என்பது விளங்கும். 11-ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அதன்பின் சில நூற்றாண்டுகளுக்குள் நிமன் இருந்த இடமெல்லாம் இதற்கு வந்துசேர்ந்தது. எந்த மன்னனும் ஆணையிடவில்லை. எந்தப் புலவனும் பரிந்துரைக்கவில்லை.

தோற்ற சொல்லின் கதி இரங்கத்தக்கது. ‘நிம்’ என்று குறுகி, திருடுதல் என்னும் இழிபொருளில் 17-ஆம் நூற்றாண்டு வரை உழன்றது. ஷேக்ஸ்பியர் தம் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் திருட்டுக் குணமுள்ள வீரன் ஒருவனுக்கு ‘நிம்’ என்று பெயரிட்டது அதனால்தான் என்பர். நம் ‘கொள்’ என்னும் வினையும் ‘கொள்ளை’யை ஈன்றதே, ஆயினும் கற்றுக்கொள், உட்கொள் என்று தாயும் உடன் வாழ்கிறாள். ஆங்கிலத்தில் தாய் மறைந்தாள். குளிரால் மரத்த விரலை ‘நம்’ என்கிறார்களே, அச்சொல்லில் அவள் சாயல் இருக்கிறது. உணர்வு ‘எடுக்கப்பட்டது’ என்பதே அதன் பழம்பொருள். சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘நிம்பிள்’ என்பதும் அவ்வழியினதே.

1066-இல் நார்மானியர் வந்தனர். அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. அம்மொழியில் எடுத்தலைக் குறிக்கும் வினை பல தொடர்களில் பயின்று வரும். விடைபெறுதலையும் இரக்கங்கொள்ளுதலையும் அதைக்கொண்டே சொல்வர். அத்தொடர்களை ஆங்கிலேயர் தம் வாய்க்கு ஏற்ப மாற்றியபோது, அவ்விடத்தில் டேக்கை வைத்தனர். விடைபெறுதலைக் குறிக்கும் ‘டேக் லீவ்’ என்னும் இரண்டே சொற்களைப் பாருங்கள்: வினை டேனியருடையது, பெயர்ச்சொல் பழைய ஆங்கிலத்தது, தொடரின் போக்கு பிரெஞ்சுக்காரரிடம் கற்றது. டேக்கின் பொருள்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம்.

அந்தப் பெருக்கு நம் கரையையும் தொட்டது. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று நாளிதழ்களில் படிக்கிறோம். முடிவு செய்தவர்கள் இப்போது ‘முடிவெடுக்கிறார்கள்’. மருந்து உண்டவர்கள் ‘எடுத்துக்கொள்கிறார்கள்’. சொல் தமிழ், தொடரின் போக்கு ஆங்கிலத்தை ஒட்டியது. நான் ‘முடிவு செய்தேன்’ என்றே எழுதுவேன். ஆயினும் ‘முடிவெடுத்தேன்’ என்று எழுதிய மாணவனின் கட்டுரைத்தாள் கைக்கு வரும்போது, சிவப்பு மையால் அடிக்கோடு இடுமுன் சற்றே தயங்குகிறேன்.